சொற்களை இனம் பிரித்தவர்: பீட்டர் மார்க் ரோஜே

சென்ற பருவத்தில் ஒரு மாலை, ஒருவன் ஒரு காரியத்தைச் செய்து முடித்தான் என்பதை ஆங்கிலத்தில் எங்ஙனம் எழுதுவது என்று யாம் திகைத்திருந்தோம். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கென எமக்களிக்கப்பட்ட தமிழ்ப் பகுதியில், அரசன் தன் அமைச்சன் கூறிய யோசனையை நிறைவேற்றினான் என்றிருந்தது. நூல்நிலையத்தில் ஒரு பெரிய நூலைப் புரட்டினோம். ஒரே தலைப்பின்கீழ் வரிசையாய் நின்ற வினைச்சொற்களுள் 'எக்ஸிகியூட்' என்பது கம்பீரமாய் ஒலித்தமையால் அதனையே எடுத்தாண்டோம். அவசரத்தில் யோசனை என்னும் சொல் விடுபட்டுப் போயிற்று. விளைவு, அரசன் தன் அமைச்சனைத் தூக்கிலிட்டான் என்று முடிந்தது! எம் ஆசிரியர் வகுப்பில் அதனை உரக்க வாசித்தார். அன்று நாணிய நாணமே அந்நூலை இயற்றியவரின் வரலாற்றைத் தேடிப் படிக்க எம்மைத் தூண்டிற்று.

பீட்டர் மார்க் ரோஜே 1779-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஜெனீவாவினின்றும் வந்து, இலண்டனில் பிரெஞ்சுப் புரொட்டஸ்டண்டுச் சபையொன்றிற்குப் போதகராயிருந்தவர். அவர் காசநோயுற்று 1783-இல் இறந்தனர். தாயார் காதரைன், சட்டச் சீர்திருத்தத்தாற் புகழ்பெற்ற சர் சாமுவேல் ராமிலியின் உடன்பிறந்தவர். தந்தையிழந்த பாலகனுக்கு அம்மாமனே தந்தையெனத் துணைநின்றார். பிள்ளைப் பருவத்திலேயே ரோஜே குறிப்பேடொன்றில் சொற்களை இனம் இனமாய்ப் பகுத்து எழுதி வந்தனர் என்பர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1798-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. எம் வயது அதுவேயாதலின் இவ்விடத்தைச் சிறிது பொறாமையுடனேயே கடந்தோம்.

1802-இல் மான்செஸ்டர் பஞ்சாலைச் செல்வர் ஒருவரின் புதல்வர் இருவருக்கு ஆசானாகி அவர்களுடன் ஜெனீவாவிற்குச் சென்றனர். அடுத்த ஆண்டு பிரான்சுக்கும் இங்கிலாந்திற்கும் மீண்டும் போர் மூண்டது. ஆங்கில ஆடவரைச் சிறைப்படுத்துமாறு நெப்போலியன் ஆணை பிறப்பித்தனன். ரோஜே, தம் தந்தை ஜெனீவாவிற் பிறந்தவர் என்பதைச் சான்று காட்டி அந்நகரத்தார் உரிமையைப் பெற்றுச் சிறைதப்பினார். இரு மாணாக்கரையும் ஜெர்மனி வழியே பத்திரமாய்த் தாய்நாடு சேர்த்தார். ஏற்ற கடமையை முடித்தல் என்பது யாதென அவர் நூலிற்கு முன்னரே அவர் வாழ்வு காட்டிற்று.

மான்செஸ்டரில் மருத்துவராய் அமர்ந்த பின், 1805-இல் தம் சொற்பட்டியைச் சிறிய அளவில் எழுதி முடித்தனர். அதனை அச்சேற்றினாரல்லர், தம் எழுத்துவேலைக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொண்டார். 1808-இல் இலண்டனுக்குக் குடிபுகுந்த பின்னர் அவர் கைவைத்த துறைகள் பல. எண்களின் அடுக்குகளையும் மூலங்களையும் கணிக்கும் நழுவுகோலை அமைத்து 1815-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். 1827 முதல் 1848 வரை அச்சங்கத்தின் செயலாளராயுமிருந்தார்.

துயரமும் அவரை விடவில்லை. 1818-இல் மாமன் ராமிலி, மனைவி இறந்த சில நாட்களில் அத்துயர் தாங்காது தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். மருத்துவரான மருமகன் அருகிருந்தும் காக்க முடிந்திலது. தம் மனைவி மேரியையும் 1833-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, இரு குழந்தைகளுடன் நின்றார்.

அலுவல்களினின்று ஓய்வுபெற்றபோது அவருக்கு எழுபதை அணுகிய வயது. பிறர் சாய்ந்திருக்கும் அப்பருவத்தில், பெட்டியிலிருந்த பழஞ்சுவடியை வெளியே எடுத்தனர். 1852-இல் 'தெசாரஸ்' என்னும் நூல் வெளிப்போந்தது. பொருள்கள் யாவும் ஆறு பெரும் வகுப்புகளுள், ஆயிரம் தலைப்புகளாய் அமைந்தன. ஒன்றும் அதன் மறுதலையும் எதிரெதிர்ப் பத்திகளில் நிற்கும். மன உறுதியைப் பற்றிய ஐந்தாம் வகுப்பிலே 'முடித்தல்' ஒருபுறம், 'முடியாமை' மறுபுறம். சூடாமணியும் திவாகரமும் பயின்ற நமக்கு இம்முறை அத்துணைப் புதிதன்று. ரோஜேயும் வடமொழி அமரகோசத்தை அறிந்திருந்தனர்; 1808-இல் சீராம்பூரில் அச்சான கோல்புரூக் துரையின் மொழிபெயர்ப்பைத் தம் முன்னுரையிற் குறிக்கின்றார். ஆயினும் அதன் வகுப்புமுறை அவருக்கு நிறைவளிக்கவில்லை.

எம் தவறு எங்கே நேர்ந்தது என்பது இப்பொழுது விளங்குகின்றது. அகராதி சொல்லைக் கொண்டு பொருளைத் தருவது. ரோஜேயின் நூலோ பொருளைக் கொண்டு சொல்லைத் தருவது. 'புல்ஃபில்' வாக்குக்கு உரியது. 'டிஸ்சார்ஜ்' கடமையையும் கடனையும் தீர்ப்பது. 'அச்சீவ்' அரிதின் முயன்று எய்துவது. 'பினிஷ்' எஞ்சிய இறுதிப் பகுதியை முடிப்பது. 'கம்ப்ளீட்' குறையின்றி நிரப்புவது. 'எக்ஸிகியூட்' திட்டத்தையும் ஆணையையும் செயற்படுத்துவது, ஆளின்மேல் ஏறினாலோ உயிரை வாங்குவது. இவ்வேற்றுமைகளை அந்நூல் விளக்குவதில்லை. அறிந்தவன் மறந்ததை நினைவூட்டவே அவ்வரிசைகள் நிற்கின்றன. எம்போன்ற தொடக்கநிலையினர் அதனை அகராதியோடு சேர்த்தே ஆளல் வேண்டும். இதனை யாம் நூலின் குறையெனக் கொள்ளோம். எனினும் சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டேனும் தந்திருக்கலாகாதா என்னும் ஆசை எமக்குண்டு.

நூல் பதிப்பின்மேற் பதிப்பாய் வெளிவந்தது. முதியவரோ ஓய்ந்தாரல்லர். புதிய சொல் காதில் விழுந்தபோதெல்லாம் தம் படியின் ஓரங்களிற் குறித்து வந்தனர். 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில், மேற்கு மால்வெர்னில் அவர் உயிர் நீத்தபோது, விரிவாக்கிய புதுப்பதிப்பு முற்றுப்பெறாமலே கிடந்தது. அவ்வோரக் குறிப்புகளை மகன் ஜான் லூயிஸ் ரோஜே எடுத்து உரிய தலைப்புகளிற் சேர்த்து, 1879-இல் அச்சிட்டு வெளியிட்டனர்.