பகைவனைத் தொழுத இளவரசன்

ஒரு நாட்டின் படைகள் போர்க்களத்தில் இரத்தம் சிந்திக்கொண்டிருக்க, அந்நாட்டின் பட்டத்து இளவரசன் பகையரசனின் வெற்றிக்கு ஏங்கிக்கொண்டிருந்தான் என்றால் நம்ப முடிகிறதா? ருஷ்ய நாட்டு மூன்றாம் பீட்டரின் கதை அதுதான்.

மகா பீட்டரின் பேரனான அவன் 1728-இல் ஜெர்மானிய மண்ணில், கீல் நகரில் பிறந்தான். பிறந்த சில மாதங்களில் தாயையும் பதினோராம் வயதில் தந்தையையும் இழந்தான். பிள்ளையில்லாத சிற்றன்னை, பேரரசி எலிசபெத், 1742-இல் அவனை ருஷ்யாவுக்கு வரவழைத்துப் பட்டத்திற்கு உரியவனாக்கினாள். மதம் மாறியது, மனம் மாறவில்லை. பிரஷ்ய மன்னன் பிரெடரிக்கே அவனுடைய தெய்வம். ஒரானியன்பாம் மாளிகையில் ஜெர்மானிய வீரர்களைக் கொண்டு பிரஷ்ய முறையில் அணிவகுப்பு நடத்தினான். வீரர்கள் போதாதென்று பொம்மைச் சிப்பாய்கள் வேறு! பொம்மையைத் தின்ற எலியைத் தூக்கிலிட்டான் என்று அவன் மனைவி காதரின் எழுதி வைத்திருக்கிறாள். கணவனிடமிருந்து அரியணையைப் பறித்தவளின் சாட்சி அது. சற்றே தள்ளுபடி செய்துதான் கொள்ள வேண்டும்.

ஏழாண்டுப் போரில் ருஷ்யா பிரஷ்யாவை எதிர்த்தது. 1758-இல் கோனிக்ஸ்பர்க் வீழ்ந்தது. 1759-இல் கூனர்ஸ்டார்பில் ருஷ்யரும் ஆஸ்திரியரும் பிரெடரிக்கின் படையைச் சிதறடித்தனர். 1760-இல் ருஷ்யப் படை பெர்லினுக்குள்ளேயே புகுந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் எண்ணிய பிரெடரிக்கைக் காத்தது ஒரு மரணம். 1762 ஜனவரி 5-இல் எலிசபெத் கண்மூடினாள். பீட்டர் அரியணை ஏறினான்.

மே மாதமே உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வென்ற நிலம் முழுவதையும் ஈடாக ஒன்றும் பெறாமல் திருப்பிக் கொடுத்தான். களத்தில் மாண்டவர்களின் தோழர்கள் அதை எப்படித் தாங்கினரோ! போதாக்குறைக்குக் காவற்படையினருக்குப் பிரஷ்ய பாணிச் சீருடை மாட்டினான். தன் பரம்பரை நிலத்திற்காக டென்மார்க்கின்மீது படையெடுக்கவும் துடித்தான்.

அவன் முழு மூடன் அல்லன். இரகசிய விசாரணை மன்றத்தை ஒழித்தவன். பிரபுக்களைக் கட்டாய அரசுப் பணியிலிருந்து விடுவித்தவன். ஆனால் பிரெடரிக்கிடம் அவன் கற்றது சீருடையும் அணிவகுப்பும்தான். ஆள்வோனுக்கு வேண்டிய எச்சரிக்கையை அல்ல. டென்மார்க் புறப்படுமுன் முடிசூட்டிக்கொள்ளுமாறு பிரெடரிக்கே கடிதம் எழுதி எச்சரித்தான். வாழ்நாளெல்லாம் வழிபட்டவனின் அந்த ஒரு சொல்லை மட்டும் பீட்டர் கேட்கவில்லை.

ஜூலை 9-இல் காவற்படையினர் புதுச் சீருடையைக் களைந்து பழைய உடையை அணிந்து காதரின் பக்கம் திரண்டனர். பீட்டர் கடல்வழியே கிரான்ஸ்டாட் கோட்டைக்கு ஓடினான். அங்கே அவனை உள்ளே விடவில்லை. மறுநாள் முடிதுறந்தான். எட்டு நாளில் ரோப்ஷா மாளிகைக் காவலில் உயிரிழந்தான். ஆண்டது ஆறே மாதங்கள்.

அந்தக் காதரினை அவனுக்கு மணமகளாகப் பரிந்துரைத்தவர்களுள் முதன்மையானவன் யார் தெரியுமா? அதே பிரெடரிக்தான்.