பாட்டை ஏட்டில் ஏற்றிய பண்டிதர்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முன்னோர் வாக்கு. இசை பயில்வோரிடையே இவ்வாக்கிற்கு மதிப்பு மிகுதி. பாட்டென்பது செவி வழி வந்து நாவில் தங்குவது. அதனைத் தாளில் எழுதி வைப்பதால் ஆவதென்ன என்று கேட்போர் பலர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

வன்னி மண்ணிலே ஒரு சிறு தேவாலயத்தில் நெடுங்காலமாக ஆர்மோனியம் வாசித்து வருபவன் நான். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் பாட்டின் சொற்கள் இருக்கும். தலைப்பில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும். மெட்டு மட்டும் இராது. அது முதியோர் நாவில் இருந்தது. எனக்கு முன் வாசித்த பெரியவர் ஒருவர் தமக்குத் தெரிந்த கீர்த்தனைகளுக்கெல்லாம் சுரம் எழுதி ஒரு கொப்பியில் வைத்திருந்தார். அதனை நான் அதிகம் புரட்டியதில்லை. மனத்தில் உள்ளதற்குக் கொப்பி எதற்கு என்ற இறுமாப்பே காரணம்.

2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் வன்னி மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்ததை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆர்மோனியம் ஓரிடத்தில் நின்றது. கொப்பி மற்றோரிடத்தில் போயிற்று. செட்டிகுளத்து முகாமிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடாரத்தின் நிழலில், கையில் புத்தகமும் இல்லாமல் கருவியும் இல்லாமல் பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடத் தொடங்கினோம். மூன்று ஊர்களிலிருந்து வந்த மூன்று முதியோர் மூன்று விதமாகப் பாடினர். அனுபல்லவியில் எவர் வழி சரியென்று தீர்த்துச் சொல்லும்படி என் முகத்தைப் பார்த்தனர். என்னால் சொல்ல முடியவில்லை. அன்றுதான் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் பெருமை எனக்கு விளங்கியது. அவர் வரலாற்றை இளைஞர்க்கும் ஆசிரியர்க்கும் எடுத்துச் சொல்வது என் கடன் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

பாண்டி நாட்டிலே தென்காசிக்கு அண்மையில் சாம்பவர் வடகரை என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1859ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2ஆம் நாள் பண்டிதர் பிறந்தார். தந்தையார் முத்துச்சாமி, தாயார் அன்னம்மாள். எளிய கிறிஸ்தவக் குடும்பம். ஊர்ப் பள்ளியில் கற்றபின் திண்டுக்கல் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையிற் சேர்ந்து பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். படம் பிடித்தல், அச்சுத் தொழில் எனக் கண்ணிற் பட்ட கலைகளையெல்லாம் கற்கும் வேட்கை அவரிடம் இருந்தது. அவ்வூரிலேதான் சடையாண்டிப் பத்தரிடம் பிடில் வாசிக்கவும் கற்றார்.

மருத்துவ மூலிகைகளைத் தேடிச் சுருளி மலைக்குச் சென்ற இளைஞரின் வாழ்வை அங்கே கண்ட துறவியொருவரின் தொடர்பு மாற்றியது. கருணானந்தர் என்னும் அவரையே பண்டிதர் தம் குருவாகக் கொண்டு சித்த மருத்துவம் பயின்றார். பிற்காலத்தில் தாம் செய்த மருந்துக்கும் எழுதிய நூலுக்கும் வாழ்ந்த இடத்துக்கும் குருவின் பெயரிலுள்ள கருணை என்னும் சொல்லையே முன்வைத்தார். ஒரு கிறிஸ்தவர் மலைத்துறவியை ஆசானாகக் கொண்டு, அந்த நன்றியை ஆயுள் முழுதும் மறவாதிருந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1882ஆம் ஆண்டில் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். பின்னர் இருவரும் தஞ்சாவூரிலே ஒரு பெண்பாடசாலையில் ஆசிரியப் பணி புரிந்தனர். 1890ஆம் ஆண்டளவில் அப்பணியை விட்டு மருத்துவத்தையே தொழிலாக மேற்கொண்டார். கோரோசனை மாத்திரை முதலிய அவர் மருந்துகள் புகழ் பெற்றன, செல்வம் பெருகியது. நகருக்கு வெளியே கருணானந்தபுரம் என்ற பெரிய தோட்டத்தை அமைத்து மூலிகைகளையும் பயிர்களையும் வளர்த்தார். 1909ஆம் ஆண்டில் அரசினர் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தனர். செல்வரானோர் பலருடைய வரலாறு இவ்விடத்தில் நின்றுவிடும். பண்டிதர் வரலாறோ இங்கேதான் தொடங்குகின்றது. மருந்தில் ஈட்டியதை அவர் இசையில் செலவிட்டார்.

அக்காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் இருவகைப் பாட்டுகள் வழங்கின. ஒன்று, ஜெர்மானிய, ஆங்கிலப் பாட்டுகளின் மொழிபெயர்ப்பு. இவற்றின் மெட்டுகள் ஐந்து கோடுகளிட்டுப் புள்ளி வைத்து எழுதும் மேனாட்டு முறையில் அச்சாகிக் கப்பலில் வந்தன. நான்கு குரலுக்கும் தனித்தனி வரி உண்டு. ஓர்கன் வாசிப்போர் முன்பின் கேட்டிராத பாட்டையும் அத்தாளைப் பார்த்தே வாசித்துவிடுவர். மற்றையது, வேதநாயக சாஸ்திரியார் முதலியோர் நம் நாட்டு இராகங்களில் இயற்றிய கீர்த்தனைகள். இவற்றுக்கு அத்தகைய தாள் இல்லை. மக்கள் உள்ளத்தை உருக்கியது கீர்த்தனையே. ஆயினும் ஆண்டு செல்லச் செல்ல மெட்டு மாறி மெலிந்ததும் அதுவே. அந்நிய நாட்டுப் பாட்டு மாறாமல் நிற்க, சொந்தப் பாட்டு ஊருக்கு ஒன்றாய்த் திரிந்தது. எங்கள் முகாமில் நான் கண்டதும் இதனையே.

இக்குறையைக் கண்டு பணியாற்றியோர் பண்டிதர்க்கு முன்னும் இருந்தனர். சென்னையிலே ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890களில் நம் கீர்த்தனைகளை மேனாட்டுக் கோட்டுமுறையில் எழுதி வெளியிட்டார். பண்டிதர் மேனாட்டிசையையும் கற்றவர். ஆயினும் தமிழ்ப் பிள்ளைகளுக்கென எழுதியபோது ச ரி க ம என்னும் சுர எழுத்துகளையே கையாண்டார். 1907ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற நூல் வெளிவந்தது. கீதம், சுரசாதி, கீர்த்தனை எனத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகள் அதில் உள்ளன, அத்தனையும் தமிழ், பொருள் இறைவழிபாடு, சுரமும் தாளமும் உடன் எழுதப் பெற்றுள்ளன. அக்காலத்தில் இசை தொடங்கும் மாணவன் தெலுங்கிலோ வடமொழியிலோ அமைந்த கீதத்தைப் பொருளறியாமல் உருப்போட வேண்டியிருந்தது. பொருளறிந்து பாடவும், ஆசான் அருகில் இல்லாதபோது எழுத்தைப் பார்த்து நினைவைச் சரிசெய்துகொள்ளவும் இந்நூல் வழி செய்தது.

சுரத்தை எழுதப் புகுந்தவர்க்கு வேறொரு வினா எழுந்தது. எழுதப்படும் சுரம் எத்தனை? அவற்றின் இடைவெளி எவ்வளவு? வாசகர் ஓர் ஆர்மோனியத்தின் கட்டைகளைப் பார்க்கலாம். ஒரு தாயிக்கு 7 வெள்ளைக் கட்டைகள், 5 கறுப்புக் கட்டைகள், ஆக 12. கீழ்ச் சட்சத்தின் அதிர்வைப்போல் மேற்சட்சத்தின் அதிர்வு இருமடங்கு. அவ்விருமடங்கினைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பங்கிட்டால் ஒவ்வொரு கட்டையும் முந்தியதைப்போல் ஏறத்தாழ 1.0595 மடங்காகும். பியானோ முதலிய கருவிகளை இன்று சுதி கூட்டுவது இவ்வாறே. ஆனால் சட்சத்திலிருந்து பஞ்சமத்திற்குச் செவி விரும்பும் அளவு சரியாக 1.5 மடங்கு; கட்டையிலோ அது 1.4983. அந்த அணுவளவு குறையை இசைவாணர் செவி உணரும். பஞ்சமத்திலிருந்து பஞ்சமமாகப் பன்னிரு முறை ஏறினால் தொடங்கிய சுரத்தையே அடையவேண்டும். தூய அளவில் ஏறினாலோ சிறிது மிஞ்சிவிடுகின்றது. அம்மிச்சத்தைப் பன்னிரண்டு இடத்திலும் பகிர்ந்து மறைப்பதே மேனாட்டார் உபாயம்.

13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்நாகரம் ஒரு தாயியில் 22 சுருதி என்று கூறும். பிற்காலத்தார் பலரும் அவ்வழியே சென்றனர். பண்டிதர் அதனை மறுத்தார். சிலப்பதிகாரத்தையும் அதன் பழைய உரைகளையும் ஆராய்ந்து, பழந்தமிழர் வட்டத்தை 12 இராசிகளாகப் பிரித்து அதில் சுரங்களை நிறுத்தினர் என்றும், சமமான 12 வீடுகளும் அவற்றைப் பகுத்த 24 சுருதிகளுமே தமிழிசையின் அடிப்படை என்றும் முடிவு கண்டார். ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்பவை 12, 24, 48, 96 எனப் பெருகும் கணக்கு என விளக்கினார். கண்ணகியின் காப்பியத்தில் கண்ட இராசி வட்டமும் ஆலயத்து ஓர்கனின் கட்டைவரிசையும் பன்னிரண்டு என்னும் எண்ணில் ஒன்றையொன்று சந்தித்தன. வற்றாப்பளைக் கண்ணகையம்மனுக்கு வைகாசியிற் பொங்கல் பொங்கி, முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்தாடும் நம்மவர்க்கு, அக்காப்பியத்திலே ஒரு கணக்கும் உண்டென்று காட்டியவர் அவர்.

இதனைத் தாம் கூறினால் மட்டும் போதாதென்று அறிந்து, 1912ஆம் ஆண்டில் தஞ்சையிலே சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1916 வரையில் ஏழு மாநாடுகளைத் தம் பொருளைக்கொண்டே கூட்டினார். வித்துவான்கள் வந்து தங்கினர், வாதிட்டனர். 1916ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது, தம் கொள்கையை அங்கும் எடுத்துரைத்தார். அவர் புதல்வியர் மரகதவல்லியும் கனகவல்லியும் அவற்றைச் செயலிற் காட்டினர். அவை முழுவதும் அவரை ஏற்றுக்கொண்டது என்று கூற இயலாது. ஊர் திரும்பிய பண்டிதர் எழுத்தை நம்பினார். 1917ஆம் ஆண்டில், தாமே நிறுவிய லாலி அச்சகத்தில், கருணாமிர்த சாகரம் என்னும் 1346 பக்கப் பெருநூலை அச்சிட்டு வெளியிட்டார். 1919ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 31ஆம் நாள் மறைந்தார். அப்போது வயது அறுபது. நூலின் இரண்டாம் தொகுதி அவர் மறைவிற்குப் பின்னரே வெளிவந்தது.

அவர் முடிவுகள் எல்லாம் நிலைத்தனவா? இல்லை என்றே நேர்மையாகச் சொல்லவேண்டும். நம் ஈழநாட்டுக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1947ஆம் ஆண்டில் அரங்கேற்றிய யாழ்நூலில் 22 அலகு என்னும் முறையையே தழுவினார். அதற்கு விடையாகப் பண்டிதரின் மைந்தர் வரகுண பாண்டியன் 1950ஆம் ஆண்டில் பாணர் கைவழி என்னும் நூலை எழுதினார். இரு பெருநூல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவர்க்கு, ஒரே சிலப்பதிகார வரிகளிலிருந்து இருவேறு கணக்குகள் பிறப்பது வியப்பூட்டும். என் சிற்றறிவுக்குப் பட்டதையும் சொல்லிவிடுகின்றேன். கட்டைக் கருவியில் நெடுநாள் பழகியவன் நான். தோடியின் காந்தாரத்தைக் கட்டையில் ஆட்டிக் காட்ட முயன்று தோற்றவனும் நானே. நம் இராகத்தின் உயிர் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஓடுகின்றது. சமமாகப் பங்கிட்ட வீடுகள் அதனைப் பிடித்து நிறுத்தா. சுர எழுத்தும் கமகத்தை முழுதும் காட்டாது.

அவ்வாறாயின் எழுதுவது வீணா? இங்கேதான் முகாமில் நின்ற என் நிலையை நினைக்கின்றேன். எழுத்து பாட்டின் உயிரைத் தராது, உடலைக் காக்கும். உடல் இருந்தால் உயிரூட்ட ஓர் ஆசான் வருவார். உடலே இல்லாவிடத்து எந்த ஆசான் வந்தும் என் செய்வது? பண்டிதரின் 22, 24 வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அவர் சுரமிட்டு எழுதிய கீதத்தை, அவரைக் காணாத எவரும் இன்றும் எடுத்துப் பாடலாம். எங்கள் பெரியவரின் கொப்பியிலிருந்த கீர்த்தனைகளுள் சில எங்கும் இல்லை. வேறுபாடு இவ்வளவே.

இன்று வன்னித் தேவாலயங்கள் பல மீண்டும் எழுந்துள்ளன. பழைய ஆர்மோனியம் இருந்த இடத்தில் மின்விசைக் கட்டைக் கருவி வந்திருக்கின்றது. பிள்ளைகள் விரைவாகக் கற்கின்றனர். மேனாட்டுத் தாளை வாசிப்போரும் உள்ளனர். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. பாட்டியின் நாவில் உள்ள கீர்த்தனையை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கோட்டில் எழுதினாலும் சரி, ச ரி க ம என்று எழுதினாலும் சரி. நாளும் ஊரும் குறித்து எழுதுங்கள். வழிகள் மூன்றாக இருந்தால் மூன்றையும் எழுதுங்கள்.

நானும் ஒரு புதுக் கொப்பி தொடங்கியிருக்கின்றேன். ஒரு வரியில் சுரம், அதன் கீழ் சொல். ஒரு பாட்டை எழுத இரண்டு மாலைப்பொழுது செல்கின்றது. நினைவு தடுமாறும் இடத்தில் வெற்றிடம் விட்டு, தெரிந்தவரைத் தேடிப் போகின்றேன். எழுதியதை இரண்டு பிரதிகளாக்கி ஒன்றை ஆலயத்திலும் மற்றொன்றை வேறோர் ஊரிலும் வைக்கின்றேன். முகாமிற் கேட்ட அந்தக் கீர்த்தனையின் அனுபல்லவிக்கு மூன்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கின்றேன். இரண்டு நிரம்பிவிட்டன. மூன்றாவது வழியைப் பாடிய அம்மையார் இப்போது எவ்வூரில் இருக்கின்றார் என்று விசாரித்துக்கொண்டிருக்கின்றேன்.