சமரசம் கண்ட ஹென்றி கிளே

அமெரிக்க ஐக்கிய நாடுகள், விடுதலை பெற்ற முதல் எழுபத்தைந்து ஆண்டுகளுள், பிளவுபட்டுச் சிதறிவிடுமோ என்று அஞ்சத்தக்க நிலையை மும்முறை எய்தின. 1820, 1833, 1850 ஆகிய அந்த ஆண்டுகளில் நாட்டைக் காத்த உடன்பாடுகள் மூன்றிலும் பெரும்பங்கு கொண்டவர் ஹென்றி கிளே. இவர் மும்முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு மும்முறையும் தோல்வியுற்றவர். ஆயினும், அப்பதவியில் அமர்ந்தோர் பலரினும் இவர் பெயரே அந்நாட்டு வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படுகிறது.

கிளே 1777ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் வெர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு சமய போதகர். கிளே நான்கு வயதுச் சிறுவராயிருந்தபோதே அவர் இறந்தார். தாயார் மறுமணம் செய்துகொண்டு மேற்கே கென்டக்கிப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். இளைஞர் கிளே ரிச்மண்டு நகரிலேயே தங்கி, முதலில் ஒரு கடையிலும் பின்னர் நீதிமன்றத்திலும் ஊழியம் செய்தார். அவருடைய அழகிய கையெழுத்தே அவர்தம் வாழ்வைத் திருப்பியது எனலாம். விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட சட்டப் பேரறிஞர் ஜார்ஜ் வித் என்பவர், அக்கையெழுத்தைக் கண்டு இவரைத் தம் எழுத்தராக அமர்த்திக்கொண்டார். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாத கிளே, அப்பெரியாரிடமிருந்து சட்டமும் இலக்கியமும் கற்றார். இருபதாம் வயதில் வழக்கறிஞராகிக் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் குடியேறினார்.

அவருடைய நாவன்மை விரைவில் ஊரறிந்த செய்தியாயிற்று. 1811ஆம் ஆண்டில் பிரதிநிதிகள் சபையுள் உறுப்பினராக நுழைந்த முதல்நாளே அவர் அச்சபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாளில் அவர் அமைதியை நாடியவர் அல்லர். 1812இல் இங்கிலாந்தோடு போர் தொடுக்க வேண்டுமென்று முழங்கியவர்களுள் முன்னின்றவர் அவரே. இரண்டாண்டுகளுக்குப் பின் அதே போரை முடிக்கும் தூதுக்குழுவில் ஒருவராகக் கெண்ட் நகரில் அமர்ந்து, 1814 டிசம்பர் 24ஆம் நாள் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்.

அமெரிக்காவில் வடபுல மாநிலங்களுக்கும் தென்புல மாநிலங்களுக்கும் இடையே ஆழ்ந்த வேற்றுமை நிலவியது. தென்புலத்தார் நீக்ரோ மக்களை அடிமைகளாக வைத்துப் பருத்தி பயிரிட்டனர். வடபுலத்திலோ அடிமை முறை படிப்படியாக ஒழிக்கப்பட்டு வந்தது. ஒவ்வொரு மாநிலமும் மேலவைக்கு இருவரை அனுப்பும் உரிமையுடையது. ஆகவே புதியதொரு மாநிலம் சேரும்போதெல்லாம், அது எப்பக்கத்தது என்ற வினா எழுந்து பூசலாக முற்றிற்று. 1820இல் மிசௌரி அடிமை மாநிலமாகவும் மெய்ன் அடிமையற்ற மாநிலமாகவும் ஏற்கப்பட்டன. மேற்கே பரந்து கிடந்த நிலத்தில் அடிமை முறைக்கு வடவெல்லையாக ஒரு கோடும் வகுக்கப்பட்டது. அக்கோட்டை முன்மொழிந்தவர் வேறொருவர். எனினும் அவ்வுடன்பாட்டை அவையில் நிறைவேற்றியதிலும், மறுவருடம் மீண்டும் எழுந்த சச்சரவைத் தீர்த்ததிலும் கிளேயின் திறம் விளங்கிற்று.

இரண்டாம் நெருக்கடி சுங்கவரியால் விளைந்தது. அயல்நாட்டுப் பொருள்கள்மீது உயர்ந்த வரி விதித்து உள்நாட்டுத் தொழில்களை வளர்க்க வேண்டும் என்பது கிளேயின் வாழ்நாட் கொள்கை. அவ்வரியால் தாங்கள் நலிவதாகக் குமுறிய தென் கரோலினா மாநிலத்தார், 1832 நவம்பரில், அச்சட்டங்கள் தம் எல்லையுள் செல்லா என்று அறிவித்தனர். குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன், படைவலியால் வரி தண்டும் அதிகாரத்தைக் கோரினார். ஜாக்சனோ கிளேயின் பெரும்பகைவர்; அவ்வாண்டுத் தேர்தலில்தான் கிளேயை வென்றிருந்தார். தென் கரோலினாவின் தலைவர் ஜான் கால்ஹூன் மற்றொரு கட்சியினர். மூவரும் மூன்று திசையினராக நிற்க, கிளே தாமே எழுந்து கால்ஹூனோடு பேசினார். தாம் அரும்பாடுபட்டு எழுப்பிய உயர்ந்த வரியைப் பத்தாண்டுக் காலத்தில் படிப்படியாகக் குறைக்க இசைந்து மசோதா கொணர்ந்தார். கால்ஹூன் அதனை ஆதரித்தார். 1833 மார்ச் 2ஆம் நாள் ஜாக்சன், படைபற்றிய சட்டம், வரிக்குறைப்புச் சட்டம் ஆகிய இரண்டிலும் கையொப்பமிட்டார். தென் கரோலினாவும் வரிச் சட்டங்களைப் பற்றிய தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கிளேயின் கட்சியினர் சிலர் அவர் கொள்கையைக் கைவிட்டார் என்று பழித்தனர். பிறர் பொருளை விட்டுக்கொடுப்பது எளிது. அவரோ தம்முடையதையே விட்டுக்கொடுத்தார்.

1844இல் மீண்டும் தேர்தலில் தோற்றார். 1847இல் மெக்சிகோப் போரில் அவருடைய மகன் மாண்டார். 1849இல், எழுபத்திரண்டு வயதில், ஈளை நோயால் மெலிந்த உடலோடு கிளே மேலவைக்குத் திரும்பினார்.

அவ்வமயம் நாடு கொதித்துக்கொண்டிருந்தது. மெக்சிகோவிடமிருந்து பெற்ற கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டு மக்கள் வெள்ளம்போல் குவிந்தனர். அது அடிமையற்ற மாநிலமாகச் சேர விரும்பியது. அப்போது இருதிறத்திலும் பதினைந்து பதினைந்து மாநிலங்கள் இருந்தமையின், சமநிலை குலையும் என்று தென்புலத்தார் பிரிவினை பேசினர். பிரதிநிதிகள் சபையில் தலைவரைத் தேர்ந்தெடுக்கவே 63 முறை வாக்கெடுக்க வேண்டியதாயிற்று. மேலவையிலோ ஓர் உறுப்பினர் மற்றவர்மேல் கைத்துப்பாக்கியை உருவவும் நேர்ந்தது.

1850 ஜனவரி 21ஆம் நாள் மாலை, இருமலால் துன்புற்ற நிலையிலும், கிளே முன்னறிவிப்பின்றி டேனியல் வெப்ஸ்டரின் இல்லம் சென்றார். இருவரும் விக் கட்சியினரே. ஆனால் ஒரே பதவியை நாடி நெடுங்காலம் போட்டியிட்டவர்கள். வடபுலத்தின் பெரும்பேச்சாளராகிய வெப்ஸ்டரின் துணையின்றித் தம் திட்டம் வெல்லாது என்பதைக் கிளே அறிவார். எதிர்க்கட்சியாகிய ஜனநாயகக் கட்சியின் செய்தித்தாளை நடத்தியவரும், பல்லாண்டுகள் தம்மைத் தாக்கி எழுதியவருமான தாமஸ் ரிச்சியோடும் அவர் பகை மறந்து கலந்து பேசினார். எட்டுத் தீர்மானங்களை ஜனவரி 29இல் அவையின்முன் வைத்தார். ஏப்ரலில் இரு கட்சியினரும் இரு புலத்தினரும் கொண்ட பதின்மூவர் குழு அமைக்கப்பட்டு, கிளே அதன் தலைவரானார்.

எல்லாவற்றையும் ஒரே மசோதாவாகக் கட்டியது அவர் செய்த பிழை எனலாம். ஒவ்வொரு பகுதியையும் வெறுத்தவர்கள் ஒன்றுகூடி, ஜூலை இறுதியில் அதனைத் துண்டு துண்டாக்கினர். அவ்விவாதத்தில் ஏறத்தாழ எழுபது முறை பேசிய முதியவர், களைத்துக் கடற்கரை ஊரொன்றுக்கு ஓய்வு தேடிச் சென்றார். அப்போது அவ்வேலையைக் கையேற்றவர் ஜனநாயகக் கட்சியின் ஸ்டீபன் டக்ளஸ் என்னும் இளைஞர். அவர் அதனை ஐந்து தனிச் சட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆதரவைத் திரட்டிச் செப்டம்பரில் நிறைவேற்றினார். கலிபோர்னியா அடிமையற்ற மாநிலமாயிற்று. தலைநகரில் அடிமை வாணிகம் தடுக்கப்பட்டது. டெக்சாஸ் தன் எல்லையுரிமை சிலவற்றை விட்டு ஒரு கோடி டாலர் பெற்றது.

எஞ்சியவற்றுள் ஒன்று, தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டமாகும். பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி சொல்லவும் அது இடந்தரவில்லை; ஜூரி விசாரணையும் இல்லை. அவரை அடிமையென முடிவு செய்தால் அலுவலருக்குப் பத்து டாலர் கூலி. விடுவித்தாலோ ஐந்தே டாலர். எக்கட்சியின் உடன்பாடாயினும், அதன் சுமையைத் தாங்கிய அம்மக்களில் ஒருவரும் அவ்வவையில் அமர்ந்து பேசவில்லை. அடிமை முறை தீது என்று பன்முறை கூறிய கிளேயும் தம் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தார். அவருள் ஒருத்தியாகிய சார்லட் டுப்பூய் என்பவள் 1829இல் தன் விடுதலை வேண்டி அவர்மேல் வழக்குத் தொடுத்துத் தோற்றாள்; 1840இல்தான் அவர் அவளை விடுவித்தார். அவர் சமரசங்களின் குறை, அவர் தம் வீட்டிலேயே இருந்தது.

1852 ஜூன் 29ஆம் நாள் வாஷிங்டனில் காச நோயால் கிளே மறைந்தார். நாடாளுமன்ற மாளிகையின் மாடவட்ட மண்டபத்தில் மக்கள் வணங்க உடல் வைக்கப்பெற்ற முதல்வர் அவரே. அவ்வாண்டு இல்லினாய் மாநிலத்தில் அவருக்கு இரங்கலுரை ஆற்றியவர்களுள் ஒருவர், அவரைத் தம் வழிகாட்டியாகக் கொண்டிருந்த ஆபிரகாம் லிங்கன். 1854இல், முன்பு கிளேயின் பணியை முடித்த அதே டக்ளஸ் கொணர்ந்த சட்டம் 1820ஆம் ஆண்டின் எல்லைக்கோட்டை அழித்தது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, கிளேயின் பேரன்மார் சிலர் வடபுலப் படையிலும் சிலர் தென்புலப் படையிலும் சேர்ந்தனர்.