டைனமைட்காரரோடு வாதாடிய சீமாட்டி



போன வருடம் நம் தமிழ் மன்றப் பேச்சுப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். போரை ஒழிக்கப் போவது அறிவியலா, அறமா என்பது தலைப்பு. மெக்கானிக்கல்காரன் எந்தப் பக்கம் பேசுவான்? அறிவியல் பக்கம்தான்! ஆயுதம் எவ்வளவுக்கெவ்வளவு பயங்கரமாகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு மனிதன் போருக்குப் பயப்படுவான். கடைசியில் ஆயுதமே போரைக் கொன்றுவிடும் என்று அடித்துப் பேசினேன். பலத்த கைதட்டல். பரிசு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அந்த வாதம் என் சொந்த மூளையில் உதித்தது என்ற நினைப்பில் ஒரு வாரம் ஹாஸ்டலில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம்தான் வந்தது வினை. நோபல் பரிசு பெற்றவர்களைப் பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தை நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோது, என் வாதத்தை ஒருவர் 1892லேயே சொல்லிவிட்டுப் போயிருப்பது தெரிந்தது. அவர் டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபல். ஒரு பெண்மணியிடம் அதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்மணி யார் என்று தேடப்போய், இந்த மலருக்குக் கட்டுரை எழுதும் அளவுக்கு வந்து நிற்கிறேன்.

அவர் பெயர் பெர்த்தா வான் சுட்னர். 1843 ஜூன் 9 அன்று பிராக் நகரில் பிறந்தார். பிராக் அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அப்பா பெரிய ராணுவ அதிகாரி, கின்ஸ்கி என்ற பிரபு வம்சம். மகள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அம்மாவின் குலம் அந்த அளவுக்கு உயர்ந்தது இல்லை என்று மேட்டுக்குடி ஆட்கள் இருவரையும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. (நம் ஊர் மாதிரியேதான்!) அம்மாவுக்குச் சூதாட்டப் பழக்கம் வேறு. இருந்த சொத்து சூதாட்ட மேசையில் கரைந்தது. பிரபு வீட்டுப் பெண், முப்பது வயதில் வேலை தேட வேண்டிய நிலை.

1873ல் வியன்னாவில் சுட்னர் என்ற பிரபுவின் வீட்டில் நான்கு பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகச் சேர்ந்தார். அந்த வீட்டுப் பையன் ஆர்தர், இவரைவிட ஏழு வயது சின்னவர். இருவருக்கும் காதல்! வீட்டில் சும்மா விடுவார்களா? பெர்த்தாவை ஊரை விட்டு அனுப்ப வழி பார்த்தார்கள். பாரீஸில் ஒரு பணக்காரர், பல மொழி தெரிந்த பெண் செயலாளர் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்தார். 1876ல் பெர்த்தா அங்கே போனார். அந்தப் பணக்காரர்தான் நோபல்.

வேலை நீடித்தது சில நாள்தான். நோபல் சுவீடனுக்குப் போயிருந்த நேரத்தில், பெர்த்தா தன்னிடம் இருந்த ஒரு வைர நகையை விற்று டிக்கெட் வாங்கி வியன்னாவுக்குத் திரும்பிவிட்டார். ஆர்தரை ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டு, இருவரும் காகசஸ் மலைப்பக்கம் ஜார்ஜியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒன்பது ஆண்டுகள். மொழி கற்றுக்கொடுத்தார்கள், இசை கற்றுக்கொடுத்தார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். கையில் காசு நின்றதே இல்லை. 1885ல்தான் ஆர்தர் வீட்டார் மனம் இறங்கிக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இதுவரை ஒரு சினிமாக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெர்த்தா பிறக்கும்போதே சமாதானவாதி இல்லை. 1859லும் 1866லும் ஆஸ்திரியா போரில் இருந்தபோது அவர் இளம்பெண். அந்தப் போர்கள் தன் மனதைத் தொடவே இல்லை என்று பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றில் வெட்கத்தோடு எழுதினார். 1877ல் ரஷ்யாவும் துருக்கியும் மோதியபோது ஜார்ஜியா போருக்குப் பக்கத்து ஊர். அப்போதுகூட ரஷ்யா ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாரே தவிர, போரே கூடாது என்று நினைக்கவில்லை. நாற்பது வயது தாண்டித்தான் கேள்வி வந்தது. லண்டனில் நாடுகளுக்கிடையே நடுவர் தீர்ப்பு வேண்டும் என்று ஒரு சங்கம் இயங்குவதை 1880களின் பின்பகுதியில் கேள்விப்பட்டதும், இதுதான் தன் வேலை என்று முடிவு கட்டிவிட்டார்.

1889ல் அவருடைய இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்றின் பெயர் 'இயந்திர யுகம்'. நம்மைப் போன்றவர்கள் படிக்க வேண்டிய தலைப்பு! எதிர்காலத்தில் இருந்து ஓர் ஆள் 19ஆம் நூற்றாண்டைத் திரும்பிப் பார்த்துச் சொற்பொழிவு செய்வது போன்ற அமைப்பு. அதில் அவர் தன் பெயரைப் போடவில்லை. யாரோ ஒருவர் என்ற பொருளில் ஒரு சொல்லை மட்டும் போட்டார். பெண் எழுதியது என்று தெரிந்தால் இப்படிப்பட்ட விஷயங்களை எவரும் மதித்துப் படிக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

இன்னொன்று 'ஆயுதங்களைக் கீழே போடுங்கள்' என்ற நாவல். முதலில் பதிப்பிக்கவே தயங்கினார்கள். ராணுவத்தை மதிக்கும் நாட்டில் இதை யார் வாங்குவார்கள் என்ற பயம். வந்த பிறகு 1905க்குள் 37 பதிப்புகள். டால்ஸ்டாய் பாராட்டிக் கடிதம் எழுதினார். கதாநாயகி மார்த்தா ஒரு படைத்தலைவரின் மகள். போர் என்றாலே வீரம், பதக்கம் என்று வளர்ந்தவள். 1859 போரில் கணவன் சாகிறான். இரண்டாவது கணவரும் படை அதிகாரி. 1866ல் அவரைத் தேடிப் போர்க்களத்துக்கே போகிறாள். அங்கே காயம்பட்டவர்கள் தண்ணீருக்குத் தவித்துக் கிடப்பதைப் பார்க்கிறாள். போர் முடிந்து வீடு வந்தால், படைகளோடு வந்த காலரா குடும்பத்தையே அள்ளிக்கொண்டு போகிறது. கடைசியில் அந்தக் கணவரும் பாரீஸில் உளவாளி என்ற சந்தேகத்தில் சுட்டுக்கொல்லப்படுகிறார். இவற்றை எழுத பெர்த்தா ராணுவ வைத்தியர்களின் அறிக்கைகளைப் படித்தார், போருக்குப் போய் வந்தவர்களைத் தேடிக் கேட்டார். சிலருக்குப் பிரசாரம் தூக்கலாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தண்ணீர்த் தாகம் பிரசாரம் இல்லை.

அவருடைய எண்ணத்தின் அடிப்படை இதுதான்: போர் என்பது பூகம்பம் போல, புயல் போலத் தானாக வருவது இல்லை. மனிதன் கட்டிய ஓர் ஏற்பாடு. அடிமை முறையை மனிதன் கட்டினான், மனிதனே கலைத்தான். போரையும் கலைக்கலாம். எப்படி? இரண்டு வீட்டுக்காரர்கள் வரப்புத் தகராறுக்குக் கோர்ட்டுக்குப் போவது போல நாடுகளும் போக வேண்டும். அதற்கு ஒப்பந்தம் வேண்டும், பொதுவான மன்றம் வேண்டும். 1891ல் ஆஸ்திரியாவில் சமாதானச் சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டு பத்திரிகை. ஊர் ஊராகச் சொற்பொழிவு. பத்திரிகைகள் அவரைக் கேலிச்சித்திரம் போட்டு, சமாதான பெர்த்தா என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தன.

இனி நோபல் விஷயத்துக்கு வருகிறேன். 1892ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சமாதான மாநாடு. நோபலும் எட்டிப் பார்த்தார். பிறகு சுட்னர் தம்பதியை சூரிச்சுக்கு அழைத்துப் போய், ஏரியில் தன் அலுமினியப் படகில் கூட்டிப் போனார். அந்தச் சந்திப்பில்தான், உங்கள் மாநாடுகளைவிடச் சீக்கிரமாக என் தொழிற்சாலைகள் போரை முடித்துவைக்கும், இரண்டு படைகள் ஒரு நொடியில் ஒன்றை ஒன்று அழிக்கும் நிலை வந்தால் எல்லா நாடுகளும் படைகளைக் கலைத்துவிடும் என்ற கருத்தை அவர் சொன்னார். அச்சு அசலாக என் டிபன் பாக்ஸ் பேச்சு!

பெர்த்தா அந்தப் பேச்சில் மயங்கி வேலையை நிறுத்தவில்லை. கோபித்துக்கொண்டு நட்பை முறிக்கவும் இல்லை. கடிதமாக எழுதித் தள்ளினார், சங்கத்துக்குப் பணம் கேட்டார், அறிக்கைகளை அனுப்பினார். 1893 ஜனவரியில் நோபல், தன் சொத்தில் ஒரு பகுதியைச் சமாதானப் பரிசுக்கு வைக்கப்போவதாக அவருக்கு எழுதினார். 1895ல் கையெழுத்திட்ட உயிலில் அது வந்தது. 1901ல் முதல் பரிசு பெர்த்தாவுக்கு என்று பலர் எதிர்பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆர்தர் இறந்தார், வீடும் ஏலம் போனது. 1905ல்தான் பரிசு வந்தது. சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான்.

எனக்கு ரொம்ப உறைத்தது அதன் பிறகு நடந்தது. 1911ல் லிபியாவில் இத்தாலிய விமானி ஒருவர் விமானத்தில் இருந்து கையால் குண்டு வீசினார். ரைட் சகோதரர்கள் பறந்து எட்டே வருடம்! உலகம் வேடிக்கை பார்த்தது. 1912ல், அறுபத்தொன்பது வயதில், பெர்த்தா இதை எதிர்த்தே ஒரு சிறு நூல் வெளியிட்டார். வானம் காட்டுமிராண்டித்தனத்துக்குப் போகிறது என்பதே அதன் தலைப்பு. எல்லையை அழிக்க வந்த கருவியை எல்லைச் சண்டைக்குக் கொடுக்கிறீர்களே என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது. 1914 ஜூன் 21 அன்று வியன்னாவில் இறந்தார். சரியாக ஏழாம் நாள் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். அந்த ஆண்டு வியன்னாவில் நடக்க இருந்த சமாதான மாநாடு நடக்கவே இல்லை. தொடர்ந்த நான்கு ஆண்டுப் போரில் சுமார் 90 லட்சம் படைவீரர்கள் செத்தார்கள். நோபல் எதிர்பார்த்த வெடிமருந்தெல்லாம் அந்தப் போரில் இருந்தது. யாரும் படையைக் கலைக்கவில்லை.

என் அறை நண்பன் விடவில்லை. 1945க்குப் பிறகு அணு வல்லரசுகள் பெரிய அளவில் நேருக்கு நேர் மோதவில்லையே, நோபல் சொன்னது பாதியாவது பலித்ததா இல்லையா என்கிறான். கேள்வி நியாயமானதுதான். என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அவனிடம் நான் இன்னொரு கதை சொன்னேன். 1899ல் ஹேக் நகரில் அரசுகள் கூடிய சமாதான மாநாட்டின் தொடக்க நிகழ்ச்சிக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே பெண் பெர்த்தா. ஆயுதக் குறைப்புப் பேச்சு புஸ்வாணம் ஆனது. ஆனால் நாடுகளுக்கான நிரந்தர நடுவர் மன்றம் என்று ஒன்று பிறந்தது, இன்றும் இருக்கிறது. 2012ல் கேரளக் கரைக்கு அப்பால் இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்களே, அதில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இந்தியாவுக்கும் இத்தாலிக்கும் முற்றிய அந்த வழக்கு ஹேக் மன்றத்தின் ஏற்பாட்டில்தான் நடந்து 2020ல் தீர்ப்பானது. நஷ்ட ஈடாக 10 கோடி ரூபாய் வந்தது. போன உயிருக்கு அது ஈடா என்றால், இல்லைதான். எட்டு வருடம் இழுத்தது, காகிதம் காகிதமாகப் போனது. அவ்வளவு சலிப்பான வழி அது. பெர்த்தா கேட்டதும் அந்தச் சலிப்பான வழியைத்தான்.

நண்பன் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான்.

டிபன் பாக்ஸில் இன்றும் சாப்பாடு கொண்டுவருகிறேன். மூடியில் என் பெயரும் இரண்டாம் பரிசு என்பதும் வெட்டியிருக்கிறது. இந்த வருடமும் அதே தலைப்பைப் போட்டிருக்கிறார்கள். போன திங்கட்கிழமை மன்றச் செயலாளரிடம் போய் எதிர் அணியில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். போன வருடப் பேச்சு ஞாபகம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருக்கிறது என்றேன்.