காலி நாற்காலியும் தலைமை நீதிபதியும்

சங்ககிரி கோர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தரும் தீர்ப்பு சரியில்லை என்று நினைப்பவர்கள் மேல் கோர்ட்டுக்குப் போகலாம். சேலம் மாவட்ட கோர்ட்டு, சென்னை ஐகோர்ட்டு என்று படிப்படியாக ஏறினால், உச்சியில் இருப்பது டெல்லி சுப்ரீம் கோர்ட்டு. அந்த உச்சியில் இருந்த நீதிபதி ஒருவர், 35 நாட்கள் ஜனாதிபதியாகவும் பொறுப்பு வகித்தார். அவர்தான் முகமது ஹிதயத்துல்லா.

இவர் 1905-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி பிறந்தார். ராய்ப்பூர், நாக்பூரில் படித்து, இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆனார். 1954-ல் நாக்பூர் ஐகோர்ட்டு தலைமை நீதிபதி, 1958-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி, 1968-ல் இந்தியாவின் தலைமை நீதிபதி என உயர்ந்தார்.

1969 மே 3-ந் தேதி ஜனாதிபதி ஜாகீர் உசேன் காலமானார். துணை ஜனாதிபதி வி.வி.கிரி அந்தப் பொறுப்பைக் கவனித்தார். ஜனாதிபதி தேர்தலில் போட்டியிட ஜூலை 20-ந் தேதி அவரும் விலகினார். இரண்டு நாற்காலிகளும் காலி! நாட்டை யார் கவனிப்பது?

நல்லவேளையாக, இப்படி ஒரு நிலை வந்தால் தலைமை நீதிபதி பொறுப்பேற்கலாம் என்று அந்த ஆண்டே சட்டம் இயற்றியிருந்தார்கள். அதன்படி ஹிதயத்துல்லா தற்காலிக ஜனாதிபதி ஆனார். டெல்லி வந்த அமெரிக்க ஜனாதிபதி நிக்சனை வரவேற்றவரும் இவரே. ஆகஸ்டு 9-ந் தேதி, 14 பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கும் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். தேர்தலில் வென்ற கிரி ஆகஸ்டு 24-ந் தேதி பதவியேற்றதும், மறுபடியும் கோர்ட்டுக்கே திரும்பினார்.

இனிமேல்தான் சிக்கல்! அதே வங்கிச் சட்டத்தை எதிர்த்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. 11 நீதிபதிகள் விசாரித்தனர். தலைமை நீதிபதியான ஹிதயத்துல்லா அதில் உட்காரவில்லை. கபடியில் ஒரு அணிக்காக ஆடியவரே நடுவராகவும் இருந்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? 1970 பிப்ரவரியில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அவர் கையெழுத்திட்ட சட்டம்தான். ஆனாலும் கோர்ட்டு தயங்கவில்லை. அரசு வேறு சட்டம் கொண்டு வந்து வங்கிகளைத் தன்வசமே வைத்துக்கொண்டது.

1970-ல் ஓய்வு பெற்ற ஹிதயத்துல்லா, 1979 முதல் 1984 வரை துணை ஜனாதிபதியாக இருந்தார். 1982-ல் ஜனாதிபதி ஜெயில்சிங் சிகிச்சைக்காக வெளிநாடு சென்றபோது, மீண்டும் சில நாட்கள் அவரது பொறுப்பைக் கவனித்தார். இந்த மூன்று பொறுப்புகளையும் வகித்தவர் இவர் ஒருவரே. 1992 செப்டம்பர் 18-ந் தேதி மறைந்தார்.

உங்கள் வகுப்பிலும் ஒருநாள் லீடர் வராமல் போகலாம். அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்தால், ஹிதயத்துல்லாவை நினைத்துக்கொள்ளுங்கள்!