வான் நாய்மன்

இன்று குவாண்டம் கணிப்பொறியை வடிவமைப்போர் கையாளும் கணிதத்துக்கு வரம்பு கட்டியவர் ஜான் வான் நாய்மன். 1903இல் புடாபெஸ்டில் வங்கியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கணிதம் சோறு போடாது எனத் தந்தையார் அஞ்சவே, ஜூரிச்சில் வேதிப் பொறியியலும் பயின்றார். (நம் வீடுகளிலும் இதே கதைதான்!) 1926இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1932இல் குவாண்டம் இயக்கவியலின் கணித அடிப்படைகளை ஜெர்மன் மொழியில் நூலாக்கினார். 1933இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையத்தில் பேராசிரியரானார்.

1944இல் அபர்டீன் ரயில் நிலையத்தில் கோல்ட்ஸ்டைன் என்னும் இராணுவ அதிகாரியைத் தற்செயலாகச் சந்தித்தார். அவர் வாயிலாக எனியாக் பொறியைப் பற்றி அறிந்தார். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் கொண்ட அப்பொறிக்குப் புதுக் கணக்கு ஒன்று கொடுக்க வேண்டுமானால், கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருகவே நாட்கணக்கில் ஆகும். கட்டளைகளையும் எண்களைப் போலவே நினைவகத்தில் வைத்துவிட்டால் அத்தொல்லை இல்லை. 1945 ஜூனில் சுற்றுக்கு விடப்பட்ட எட்வாக் அறிக்கை இம்முறையை விளக்கியது. ஆனால் அதில் நாய்மன் பெயர் மட்டுமே இருந்தது! எனியாக்கைக் கட்டிய எக்கர்ட்டும் மாக்லியும் மனம் புண்பட்டனர். அறிக்கையை அனுப்பியவர் கோல்ட்ஸ்டைனே எனினும், அவர்கள் மனக்குறை நியாயமானதே என்பது என் கருத்து.

பழுதுபடும் உறுப்புகளைக் கொண்டே பிழையின்றிக் கணிப்பது எங்ஙனம் என்று 1952இல் ஆராய்ந்தார். குவாண்டம் பொறிஞர்களை வாட்டும் சிக்கலும் இதுவே.

1957 பிப்ரவரி 8ஆம் நாள் வாஷிங்டனில் புற்றுநோயால் மறைந்தார், வயது 53. மூளையையும் கணிப்பொறியையும் ஒப்பிட்டு அவர் எழுதிவந்த நூல் முற்றுப்பெறாமலே 1958இல் வெளிவந்தது.