கோர்த்தெஸ் கப்பல்களை எரித்தாரா?

எர்னான் கோர்த்தெஸ் பெயர் மேலாண்மை வகுப்புகளிலும் பொருளியல் வகுப்புகளிலும் அடிக்கடி ஒலிக்கும். படை பின்வாங்க வழியில்லாதபடி சொந்தக் கப்பல்களையே எரித்த தளபதி என்று அவரைப் புகழ்வார்கள். ஆனால், உடனிருந்தவர்கள் எழுதிவைத்ததில் தீ இல்லை.

ஸ்பெயினில் 1485-இல் பிறந்த கோர்த்தெஸ், 1519-இல் கியூபாவிலிருந்து 11 கப்பல்களுடன் மெக்ஸிகோ கரைக்கு வந்தார். கியூபா ஆளுநர் வெலாஸ்கெஸின் ஆணையை மீறிய பயணம் அது. ஆளுநரின் ஆதரவாளர்கள் படைக்குள்ளேயே இருந்தனர். கப்பல் இருந்தால் கியூபாவுக்கு ஓடிச் சேதி சொல்லிவிடுவார்கள். ஒரு கப்பலை மட்டும் பரிசுப் பொருள்களுடன் மன்னருக்கு அனுப்பிவிட்டு, மற்றவற்றை வில்லா ரிக்கா கரையருகே தரைதட்ட வைத்தும் மூழ்கடித்தும் அழித்தார். மாலுமிகள் படைவீரர்களாயினர்.

அதற்கு முன் பாய், கயிறு, இரும்புச் சாமான்களைக் கழற்றி வைத்துக்கொண்டார். 1521-இல் அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானை ஏரிவழியே முற்றுகையிட்ட 13 சிறு கப்பல்களைக் கட்ட அவை உதவின. இது ஆவேசமன்று, கணக்கு. (அந்நகர மக்கள் கொடுத்த விலையை எந்த வகுப்பும் கணக்கில் சேர்ப்பதில்லை.) வென்றவரோ அரசவையில் செல்வாக்கிழந்து 1547-இல் செவியா அருகே இறந்தார்.

அக்கப்பல்களைத் தொல்லியலாளர்கள் வில்லா ரிக்கா கடலடியில் தேடினார்கள். 2018-இல் ஒரு நங்கூரமும் அடுத்த ஆண்டில் மேலும் இரண்டும் கிடைத்தன. முதல் நங்கூரத்தில் எஞ்சியிருந்த மரம், வட ஸ்பெயினின் ஓக். கப்பலின் அடிக்கட்டையே அகப்பட்டால், அது கரிந்ததா, துளையிடப்பட்டதா என்று பார்த்துவிடலாம்.